மண்ணும் மனைவி மக்களும்

தொடக்கநிலை மண்பாண்ட வகுப்பு என்பது ஈரக் களிமண், சுழலும் சக்கரம், முன்பணம் கட்டியவர்கள் ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரம் ஒரே கூரையின் கீழ் இருப்பது. குடும்பத்தோடு சேரும்போது நான்காவதாக ஆலோசனையும் வந்து சேர்கிறது. முதல் மூன்றும் அளந்து தரப்படுபவை. நான்காவதற்கு அளவு கிடையாது.

இத்தகைய வகுப்புகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் இரண்டுக்கும் இடையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வார இறுதிகளில் நடக்கின்றன. மண் அதே மண்தான் என்றாலும், ஊர்க் குயவரின் தொழிலும் இவ்வகுப்புகளும் வெவ்வேறு வம்சாவளி. ஊரில் பானை வனைவது வேளார் வீட்டுத் தொழில். பல கோயில்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொடுப்பவர்களும் பூசை வைப்பவர்களும் அவர்களே. வகுப்புகளின் மூலத்தைத் தேடினால் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் பாண்டிச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிக்குப் போகலாம். அங்கே கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் இன்று பல ஊர்களில் சக்கரம் சுற்றுகிறார்கள். மீக்கர் பின்னாளில் மண்ணால் வீட்டையே கட்டி, உள்ளே தீ மூட்டி, வீட்டைச் சுட்டெடுத்துப் பார்த்தவர். தொடக்கநிலை வகுப்பில் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒரு கிண்ணம் வந்தாலே பெரிது.

இங்கே விவரிக்கப்படும் குடும்பத்தில் ஐந்து பேர்: தந்தை, தாய், பதினான்கு வயது மகள், எட்டு வயது மகன், தந்தையைப் பெற்ற பாட்டி. கட்டுரையாளர் இவர்களில் யார் என்பது பொருளுக்குப் புறம்பானது. தந்தையின் கிண்ணத்தைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதல் விவரம் கிடைப்பது தற்செயல்.

கட்டணம் நான்கு பேருக்குத்தான் கட்டப்பட்டது. பாட்டி மறுத்துவிட்டார். "காசையும் குடுத்து மண்ணையும் பிசையணுமா? அந்தக் காசுக்கு ரோட்டோரத்துல ஆறு சட்டி வாங்கலாமே" என்பது அவர் கணக்கு. அவர் ஊரில் பொங்கலுக்கு முன்பே புதுப்பானை வாசலுக்கு வரும். முறத்தில் நெல்லை அளந்து போட்டால் போதும். கூடத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்ப்பவராக மட்டும் அவர் கலந்துகொண்டார். வகுப்பிலேயே அதிகம் பேசியவர் அவர்தான்.

முதல் வேலை பிசைதல். மண்ணுக்குள் ஈரம் சீராகப் பரவவும், சிக்கிய காற்று வெளியேறவும் இது தேவை. சமையலறைப் பழக்கம் இங்கே கைகொடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. மாவை மடித்து மடித்துப் பிசைவார்கள். களிமண்ணை மடித்தால் வெளியேற வேண்டிய காற்று மேலும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, சற்றே சுருட்டி இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். இரு பக்கமும் கொம்பு சுருண்ட ஆட்டுத்தலை போல வடிவம் வந்தால் பிசைந்தது சரி. "பதினாறு வருஷமா சப்பாத்தி போடுறேன், எனக்கா பிசையத் தெரியாது?" என்று தொடங்கிய தாயிடம் பயிற்றுநர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்பைவிட மெதுவாக, "மடிக்காதீங்க மேடம்" என்றார். அப்போது தந்தை சிரித்தார். அந்தச் சிரிப்பு குறித்துவைக்கப்பட்டது.

அடுத்தது சக்கரம். ஊர்ப்புறத்துச் சக்கரம் தரையோடு கிடக்கும் கனத்த வட்டு. அதிலுள்ள குழியில் கோலைச் செருகிச் சுழற்றிவிட்டு, வேகம் ஓய்வதற்குள் வேலையைப் பார்க்க வேண்டும். வகுப்பில் இருப்பது மின்சக்கரம், காலடியில் பெடல். கார் ஓட்டுபவர்களுக்குப் பெடலைக் கண்டால் மிதிக்கத் தோன்றும். சக்கரத்தின் மீதுள்ள ஈரமண்ணுக்கோ மிதித்தால் வெளியே பாயத் தோன்றும். அது நேர்கோட்டில் பாயும் என்பதையும், அடுத்த இருக்கையில் இருப்பவரின் தோள் உயரத்துக்கு எழும்பும் என்பதையும் தந்தை முதல் நிமிடத்திலேயே நிறுவினார். அடுத்த இருக்கை தாயுடையது. புடவை வேண்டாம், சுடிதார் போதும் என்று காலையில் யோசனை சொன்னவரும் தந்தைதான் என்பதால் சேதம் ஓரளவு குறைந்தது.

வகுப்பின் உயிர்நிலை மையப்படுத்துதல். சக்கரத்தின் நடுவில் ஓங்கி அறைந்து ஒட்டவைத்த மண்ணுருண்டை, சுழலும்போது தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் நிற்கும்வரை அதை அடக்க வேண்டும். குயவர் செய்யும்போது இது நடப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை; கையை வைக்கிறார், மண் நின்றுவிடுகிறது. வகுப்புக்கு வருபவர்களை ஏமாற்றுவதும் இந்த இடம்தான். விரல் பலம் இங்கே எடுபடாது. முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கைக்கு அனுப்பி, கையை அப்படியே கல்லாக வைத்திருக்க வேண்டும். மண் கைக்கு வர வேண்டுமே தவிர, கை மண்ணைத் துரத்தக் கூடாது. வறண்டால் மண் கையைப் பிடித்து இழுக்கும்; தண்ணீர் கூடினால் கஞ்சியாகிவிடும்.

தந்தை துரத்தினார். மண் வலப்பக்கம் சாய்ந்தால் கையும் வலப்பக்கம் போனது. இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். கொஞ்ச நேரத்தில் யார் யாரை மையப்படுத்துகிறார்கள் என்பதே தெளிவில்லாமல் போயிற்று. தலையும் சேர்ந்து ஆடியதாக மகன் சாட்சி சொல்கிறான்.

"முழங்கைய தொடையில ஊணுங்க. அந்தப் பொண்ணு அதத்தானே சொல்லிச்சு?"

"நீ உன்னோடதப் பாரு."

"என்னோடது நல்லாத்தான் சுத்துது."

இதைச் சொல்லத் தாய் முகத்தைத் திருப்பிய நேரத்தில் அவருடைய மண் சக்கரத்தை விட்டுக் கழன்று, தண்ணீர் வாளியில் போய் விழுந்தது. குடும்பத்தோடு வரும் எல்லா வகுப்புகளிலும் இது நடக்கும் என்று பயிற்றுநர் ஆறுதல் சொன்னார். தனியாக வருபவர்களின் மண் அவ்வளவாக வாளியில் விழுவதில்லையாம். கை தன் மண்ணிலும் கண் அடுத்தவர் மண்ணிலும் இருந்தால், சக்கரம் இரண்டில் எதையும் பொருட்படுத்துவதில்லை.

மகள் காதில் இயர்போன் மாட்டியிருந்ததால் பெற்றோரின் ஆலோசனையோ, பாட்டியின் "பாத்துடி, பாத்துடி"யோ எட்டவில்லை. நால்வரில் முதலில் அடங்கியது அவருடைய மண். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டா என்பது இன்றளவும் வீட்டில் விவாதத்தில் உள்ளது.

மையம் பிடித்தபின் கட்டைவிரலால் நடுவில் குழி இறக்கி, உள்ளே ஒரு கை வெளியே ஒரு கை வைத்துச் சுவரை மேலே இழுக்க வேண்டும். தந்தை கூஜா செய்வதாக அறிவித்திருந்தார். முதல் இழுப்பில் அது டம்ளராகக் குறைந்தது. இரண்டாவதில் சுவர் ஒரு பக்கம் சாய்ந்து கிண்ணமாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இதற்குப் பொருந்தாது. பிள்ளையார் கையால் பிடிப்பது. கையால் பிடித்தது கெட்டால் குறைந்தது குரங்காவது மிஞ்சும். சக்கரத்தில் கெடுவதெல்லாம் ஒரே திசையில், தட்டையை நோக்கித்தான் போகும். எதைச் செய்வது என்பது தொடக்கநிலையாளர் கையில் இல்லை. எந்த இடத்தில் பெடலிலிருந்து காலை எடுப்பது என்பது மட்டுமே அவர் முடிவு. தாய் காலை எடுக்கத் தாமதித்ததால், குழம்புக் கிண்ணமாகத் தொடங்கியது அகன்று படுத்து ஒரு தட்டானது.

சுவர் சாய்ந்ததும் தந்தை பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஆதிச்சநல்லூரைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அலெக்சாண்டர் ரியா 1899இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த முதுமக்கள் தாழிகளில் ஓர் ஆளையே வைக்கலாம் என்றும், அவற்றைச் செய்தவர்களிடம் மோட்டார் கிடையாது என்றும் சொன்னார். மகன் கேட்டான்: "அவங்களுக்கு யாருப்பா கிளாஸ் எடுத்தா?"

இந்தக் கட்டத்தில் வகுப்புக்கு உதவியாக இருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்து, சாய்ந்திருந்த சுவரின் உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலும் வைத்தார். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். சுவர் நிமிர்ந்து, விளிம்பு வட்டமாகி, கிண்ணம் கிண்ணமாயிற்று. ஒன்றும் பேசாமல் அவர் நகர்ந்துவிட்டார். அந்த இரண்டு விரலைத் தந்தை தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பெரியவர் பிறகு தம் சக்கரத்தில் ஒரு பெரிய மண்குன்றை ஏற்றி, அதன் உச்சியில் மட்டும் கை வைத்து, அகல் விளக்கு ஒவ்வொன்றாக எடுத்து நூலால் அறுத்து வைத்துக்கொண்டே போனார். தந்தை ஒரு கிண்ணத்துக்கு எடுத்த நேரத்தில் பலகை நிறைந்துவிட்டது. பாட்டி முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

"மானாமதுரைப் பக்கம்மா."

"கடம் செய்யற ஊரா?"

"ஆமாம்மா. எங்க மாமா வீட்டுல செய்வாங்க."

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்க் கடத்தின் வேலை சக்கரத்தோடு முடிவதில்லை. வனைந்ததை ஓரளவு உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தட்டு ஆயிரக்கணக்கில் விழும். சுருதி அந்தக் கனத்தில் இருக்கிறது. சுட்டபின் பெரிதாக மாற்ற முடியாது. தண்ணீர்ப் பானையின் உருண்ட அடிப்பாகமும் இப்படித் தட்டித்தான் உருவாகிறது. பெரியவரும் பாட்டியும் இதைப் பேசி முடிப்பதற்குள் வகுப்பு நேரம் தீர்ந்திருந்தது.

மகன் சக்கரத்தை ஐந்து நிமிடத்தில் கைவிட்டு, கையாலேயே ஒரு டைனோசர் செய்திருந்தான். கனமாக இருந்தால் சூளையில் வெடிக்கும், வயிற்றைக் குடைந்து எடுக்க வேண்டும் என்றார் பயிற்றுநர். "வயிறு காலியா இருந்தா அதுக்குப் பசிக்கும்" என்று அவன் மறுத்துவிட்டான்.

உலர்த்தலுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. நிழலில், மெதுவாக, ஒன்றிரண்டு வாரம். அவசரப்படுத்தினால் விரிசல் விடும். உலர்ந்து சுட்டு முடிவதற்குள் மண் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். வாட்ஸ்அப் குழுவில் தந்தை நாள்தோறும் விசாரித்தார்; சூளை நிறைந்தால்தான் பற்றவைக்க முடியும் என்று நாள்தோறும் பதில் வந்தது. கடுவெளிச் சித்தரின் ஆண்டி ஒரு தோண்டிக்காகப் பத்து மாதம் குயவரை வேண்டியதோடு ஒப்பிட்டால் மூன்று வாரம் ஒன்றும் பெரிதல்ல. சுடாத பாண்டம் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும் என்பதைப் படித்த தாய், தந்தையின் கிண்ணத்துக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது என்று நினைவூட்டினார்.

சூளையில் நடப்பது இது. 100 டிகிரி செல்சியஸ் அளவில் மிச்ச ஈரம் ஆவியாகும். ஆவி தண்ணீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். மெல்லிய சுவரில் வழி கிடைக்கும், கனத்த உடம்பில் கிடைக்காது. காற்றுக் குமிழிதான் வெடிக்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மைக் குற்றவாளி ஈரம். 500 டிகிரிக்கு மேல் மண்ணின் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதன்பின் அது மண்ணாகத் திரும்பாது. 573 டிகிரியில் உள்ளிருக்கும் குவார்ட்ஸ் மணல் சட்டென்று உருமாறிப் பருக்கும். ஆகவே அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். 900 முதல் 1,000 டிகிரிக்குள் முதல் சூடு முடியும்.

டைனோசர் முதல் கட்டத்திலேயே வெடித்தது. செய்தியை எப்படிச் சொல்வது என்று பெற்றோர் ஒரு மாலை முழுக்க யோசித்தார்கள். "எரிகல் விழுந்து நிஜ டைனோசரும் இப்படித்தானே போச்சு" என்று மகன் திருப்தியோடு ஏற்றுக்கொண்டான்.

முதல் சூட்டுக்குப்பின் மெருகுப் பூச்சு. இது கண்ணாடியாக உருகக்கூடிய கனிமப் பொடியைத் தண்ணீரில் கரைத்தது. பூசும்போது சாம்பலாகத் தெரிவது சுட்டபின் நீலமாக வரலாம். 1,200 டிகிரிக்கு மேல் மறுபடி சுட்டால் தண்ணீர் கசியாது. மகளின் குவளையும் தாயின் தட்டும் இதற்கு அனுப்பப்பட்டன. தந்தையின் கிண்ணம் அனுப்பப்படவில்லை. அதன் அடியில் பாம்பு நெளிவது போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. குழி இறக்கியபின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திக் கெட்டிப்படுத்தாமல் விட்டால் வருவது இது. பயிற்றுநர் அதைச் சொன்னபோது தந்தை ஆதிச்சநல்லூரில் இருந்தார்.

பாண்டங்கள் வீட்டுக்கு வந்ததும் பாட்டி அவற்றைத் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது நடுவிரலை மடக்கிச் சுண்டி, காதருகே கொண்டுபோனார். சந்தையில் சட்டி வாங்கும் முறை அதுதான். விரிசல் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. குவளை 'ணங்' என்றது. தட்டு சற்றுக் கீழ்ச்சுருதியில் 'ணங்' என்றது. கிண்ணம் 'தொக்' என்றது. பாட்டி அதை மறுபடி தட்டவில்லை; தம் மகன் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

கிண்ணத்தில் இப்போது கற்பூரவல்லி இருக்கிறது. நட்டவர் பாட்டி. செடித்தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய வழி வேண்டும். இதற்குத் தனியாகத் துளை போடும் வேலை இல்லாமல் போயிற்று. ஊற்றும் தண்ணீர் விரிசல் வழியாகச் சொட்டி பால்கனித் தரையை நனைத்ததால், தாய் தம் நீலத் தட்டைக் கொண்டுவந்து அதன் கீழே வைத்தார். தொட்டியின் அடிவட்டம் தட்டில் கச்சிதமாக உட்காருகிறது. அந்த அளவுக்குத்தான் அதைச் செய்ததாகத் தாய் கூறுகிறார்.