எதிரி வராத கரையும் எதிரி வராத கோட்டையும்

ஜப்பான்காரன் எந்தப் பக்கமாக வருவான் என்று 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் காத்துநின்ற பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவலைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் பொங்கோல் பக்கம் கையை நீட்டியிருப்பார். தீவின் வடகிழக்குதான் குறி என்பது அவர் கணிப்பு. புதிதாக வந்திறங்கிய 18ஆவது பிரிட்டிஷ் டிவிஷனை அந்தப் பக்கம்தான் நிறுத்தினார். மத்தியக் கிழக்கின் பாலைவனத்துக்கென்று கிளம்பிய பையன்கள். வழியில் உத்தரவு மாறி, மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து, கடைசியில் நம் சதுப்புக்கரையில் முழங்கால் சேற்றில் வந்து நின்றார்கள்.

நிற்க இடம் வேண்டுமே. பொங்கோல் ரோட்டின் கோடியில் வில்லியம் பசப்பா என்ற இந்திய வணிகர் 1928 முதல் ஒரு மிருகக்காட்சிசாலை நடத்திவந்தார். சிங்கப்பூர் பார்க்கப் போனால் பசப்பாவின் புலியையும் பார்த்துவிட்டு வா என்று சொல்லும் அளவுக்குப் பேர் பெற்ற இடம். பாதுகாப்புக்கு இந்த இடம் தேவை, 24 மணி நேரத்தில் காலி செய் என்றது ராணுவம். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கே ஒரு மாத நோட்டீஸ் உண்டு. சிங்கத்தையும் புலியையும் ஒரே நாளில் எங்கே கூட்டிக்கொண்டு போவது? பசப்பாவால் முடியவில்லை. ராணுவம் பறவைகளைத் திறந்துவிட்டது, ஆபத்தான மிருகங்களைச் சுட்டுத் தள்ளியது. பொங்கோல் போர்முனையில் பேரரசு வீழ்த்திய எதிரிகளின் பட்டியலில் முதலிடம் கூண்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான். பசப்பா மறு வருடமே போய்ச் சேர்ந்தார்.

எதிர்க்கரையில் ஜப்பானியத் தளபதி யமாஷிதா இந்த ஏற்பாட்டையெல்லாம் மனதாரப் பாராட்டினார். பெர்சிவலின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று, பிப்ரவரி 7ஆம் தேதி இரவு பொங்கோலுக்கு எதிரே இருக்கும் புலாவ் உபினில் தன் காவலர் படையின் ஒரு பிரிவை இறக்கிச் சத்தம் போடவைத்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று இங்கே எல்லோரும் உபினையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். மறுநாள் இரவு ஜப்பானியர்கள் தீவின் எதிர்மூலையில், வடமேற்கே சரிம்புனில் வந்து இறங்கினார்கள். வாசலில் நாதஸ்வரம், ஆரத்தித் தட்டு சகிதம் காத்திருக்க, மாப்பிள்ளை கொல்லைப்புறமாக வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்ட கதை. சரிம்புன் கரையில் தேடுவிளக்குகள் இருந்தன. எரியவிடத்தான் ஆளில்லை, அல்லது உத்தரவில்லை. வடகரையில் அரண் கட்டுங்கள் என்று தலைமைப் பொறியாளர் சிம்சன் முன்பே மன்றாடியிருக்கிறார். அதையெல்லாம் பார்த்தால் படைக்கும் மக்களுக்கும் மனம் தளர்ந்துவிடும் என்று பெர்சிவல் மறுத்தாராம், சிம்சனே எழுதிவைத்திருக்கிறார். யாருக்கும் மனம் தளரவில்லை. ஒரே வாரத்தில் ஊர்தான் போயிற்று.

பொங்கோல் கரையிலிருந்து போரின் மறு கோடியைப் பார்க்க இன்று வண்டிகூட மாற வேண்டாம். ஊதா நிற வடகிழக்கு எம்ஆர்டி பாதைக்கு ஒரு முனை பொங்கோல் கோஸ்ட், மறு முனை ஹார்பர்ஃபிரண்ட்; இறங்கினால் எதிரே செந்தோசா, அதன் மேற்குக் கோடியில் சிலோசோ கோட்டை. ஒரு முனையில் எதிரி வராத கரை, மறு முனையில் எதிரி வராத கோட்டை. நடுவில் ஃபேரர் பார்க், தேக்கா, டோபி காட்.

தேக்காவுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் ஃபேரர் பார்க்கை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் சரணடைந்து இரண்டே நாளில், பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையின் சுமார் 45,000 சிப்பாய்களை அங்கே கூட்டி, மாடு கைமாற்றுவதுபோல ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அங்கிருந்து புறப்பட்டதுதான் இந்திய தேசிய ராணுவம் (ஐஎன்ஏ). டோபி காட் பக்கத்திலிருக்கும் கேத்தே கட்டடத்தில் 1943 ஜூலை 4 அன்று நேதாஜி தலைமையை ஏற்றார். 1945 ஜூலையில் கடற்கரையோரம் ஐஎன்ஏ நினைவுச்சின்னத்துக்கு அவரே அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்தார்கள். வந்த சூட்டோடு நேச நாட்டுப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அதைத் தகர்த்தார்கள். அப்பழுக்கில்லாத வேலை, துண்டு துண்டாகப் போயிற்று. இதே பிரிட்டிஷ் ராணுவம்தான் 1942 ஜனவரி 31 அன்று ஜொகூர் பாலத்தை உடைத்தது. பேக்பைப் ஊதிக்கொண்டு கடைசிச் சிப்பாய்கள் கடந்து வந்தபின் வெடி வைத்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் அந்த உடைப்பில் நாலடித் தண்ணீர்தான். எதிரி வரும் பாலத்தைவிட நம்மவர்களின் கல் மீதுதான் அவர்களுக்குக் குறி நன்றாக வாய்த்திருக்கிறது. எஸ்பிளனேட் பூங்காவில் அந்த நினைவுச்சின்னம் இருந்த இடத்தைச் சொல்ல ஒரு கல்வெட்டு வர 1995 ஆகவேண்டியிருந்தது.

சிலோசோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செந்தோசாவில் கட்டணமில்லாத இடம் என்பதே ஒரு வரலாற்றுச் சின்னம். லிஃப்டில் பதினொரு மாடி உயரம் ஏறி, மரங்களின் தலைக்கு மேலே போகும் நடைபாலத்தில் கோட்டைக்குள் போகலாம். 1870களில் துறைமுகத்தின் மேற்கு வாசலைக் காக்கக் கட்டியது. பீரங்கி வைக்க மலையின் உச்சியையே சீவி எடுத்தார்கள். இன்று கடலைப் பார்த்தபடி பச்சைச் சாயம் பூசிய பீரங்கிகள் நிற்கின்றன. குழந்தைகள் அவற்றின்மேல் ஏறப் பார்க்கிறார்கள், ஏறாதே என்று தாத்தா தமிழில் அதட்டுகிறார், பேரன் ஆங்கிலத்தில் ஏன் என்கிறான்.

கடலிலிருந்து யாராவது வருவார்கள் என்று அறுபது வருடத்துக்கு மேல் காத்திருந்த கோட்டை இது. யாரும் வரவில்லை. கடைசியில் 1942 பிப்ரவரியில் நிலத்தின் பக்கம் திருப்பிச் சுட்டது. எதிரே புலாவ் புக்கோமில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளையும் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று குறிவைத்தது. சொந்த எண்ணெயைக் கொளுத்திய பெருமை.

சிங்கப்பூர்ப் பீரங்கிகள் தவறான திசையைப் பார்த்தன, திரும்பத் தெரியாது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிவருகிறோம். பாவம், பீரங்கி மேல் பழி போடுவது சுலபம், அது வழக்குப் போடாது. பல பீரங்கிகள் திரும்பின, சுடவும் சுட்டன. கப்பலின் இரும்பைத் துளைக்கும் குண்டுகள்தான் பெரும்பாலும் கைவசம் இருந்தன. சேற்றில் வரும் காலாட்படைமீது போட்டால் அவை மண்ணுக்குள் ஆழமாகப் போய்த் தூங்கும். இதில் ஜொகூர் சுல்தானின் பங்குதான் எனக்குப் பிடித்தது. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவுக்கு அவர் ஐந்து லட்சம் பவுன் மொய் எழுதினார். அதில் பெரும்பகுதி சாங்கியின் 15 அங்குலப் பீரங்கிகளுக்குப் போயிற்று. அதனால் அந்தத் தளத்துக்கு ஜொகூர் பேட்டரி என்றே பேர். ஏழு வருடம் கழித்து யமாஷிதா எங்கே உட்கார்ந்து சிங்கப்பூரை வேவு பார்த்தார்? அதே சுல்தானின் புக்கிட் சிரீன் அரண்மனைக் கோபுரத்தில். மொய் வைத்தவர் வீட்டின்மேல் குண்டு போட ஆங்கிலேயருக்கும் கை வரவில்லை.

பிப்ரவரி 15 அன்று சரண். பிப்ரவரி 28 அன்று, பெர்சிவல் காத்துக்கிடந்த அதே வடகிழக்கில், பொங்கோல் கடற்கரையில், முந்நூறிலிருந்து நானூறு வரை சீன ஆண்களை ஜப்பானியத் துணைக் காவல்படை வரிசையாக நிறுத்திச் சுட்டது. சூக் சிங் என்று சொல்லும் களையெடுப்பில் அது ஒரு நாள் வேலை. செந்தோசாவின் கரையிலும் குண்டுபட்ட உடல்கள் ஒதுங்கின. சிறைக்குப் போகக் காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கிப்படையினர் சுமார் முந்நூறு உடல்களை அங்கேயே புதைத்தார்கள். இன்று அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். பொங்கோல் கரையில் விளக்கப் பலகை ஒன்று நிற்கிறது. சாயங்காலம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களில் நின்று படிக்கிறவர்கள் குறைவு. தளபதிகளுக்கு மெழுகுச் சிலை, அறை, மேசை, நாற்காலி எல்லாம் சிலோசோ கோட்டைக்குள்ளே இருக்கிறது. சுட்டவனுக்கும் தோற்றவனுக்கும் முகம் உண்டு. செத்தவனுக்குக் கடற்கரையில் ஒரு பலகை.

சரி, அந்த மெழுகு அறைக்கு வருவோம். முதல் மேசையில் 1942. அரைக்கால் சட்டையில் ஒல்லிக் கால்களோடு பெர்சிவல். எதிரே பருத்த உடம்போடு யமாஷிதா. நடந்தது புக்கித் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில். மெழுகில் நடப்பது இங்கே. உண்மையில் யமாஷிதாவுக்கு அன்று உள்ளுக்குள் உதறல். கையிலிருந்தது 30,000 பேர், குண்டு தீரும் நிலை. எதிரே அதைப்போல் மூன்று மடங்கு ஆட்கள். நீண்ட நாள் சண்டை என்றால் தோல்விதான் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அதனால்தான் மேசையைத் தட்டி, ஆமா இல்லையா என்று அதட்டினார். சீட்டு இல்லாதவன்தான் சத்தமாக ஆடுவான். பெர்சிவல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாலு வருடம் கழித்து யமாஷிதா பிலிப்பைன்ஸில் தூக்கிலேறினார். அதற்கு முன் அவர் பாகியோவில் சரணடைந்தபோது பார்வையாளர் வரிசையில் பெர்சிவல் நின்றுகொண்டிருந்தார். உலகில் எந்த மாமியாரும் இவ்வளவு திருப்தியாக மருமகளைப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த மேசை 1945 செப்டம்பர் 12, சிட்டி ஹால். இப்போது ஜப்பானியர்கள் சரணடைகிறார்கள். தென்கிழக்காசியா முழுவதுக்கும் தலைவரான பீல்டு மார்ஷல் தெராவுச்சி வந்திருக்க வேண்டும், வரவில்லை. உடம்பு சரியில்லையாம், அவருக்குப் பதில் ஜெனரல் இதாகாகி கையெழுத்துப் போட்டார். சரணடைகிற நாளில் எம்சி போட்ட ஆளை மவுண்ட்பேட்டன் நம்புவாரா? நம்பவில்லை. தன் டாக்டரையே அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு, பக்கவாதம்தான், நிஜம்தான் என்றார். லீவு அங்கீகரிக்கப்பட்டது. தெராவுச்சியின் வாள்களை மட்டும் மவுண்ட்பேட்டன் விடவில்லை. நவம்பரில் சைகோன் வரைக்கும் தானே போய் வாங்கிக்கொண்டு வந்தார்.