ஊருக்கொரு ரெட்டைக்குழல் பெரியப்பா

புதுக்கோட்டைச் சீமையில் ஊருக்கு ஒரு கண்மாய் இருக்கும், ஒரு அய்யனார் கோயில் இருக்கும், ஒரு ரெட்டைக்குழல் பெரியப்பாவும் இருப்பார். கண்மாய் வறண்ட வருஷம் உண்டு. அய்யனாருக்குப் புரவியெடுப்பு நின்றுபோன வருஷமும் உண்டு. பெரியப்பா மட்டும் ஓய்ந்ததில்லை. டீக்கடை பெஞ்சில் யாராவது வாய் தவறி “கௌதாரி” என்று சொல்லிவிட்டால் போதும். “எத்தனாம் நம்பர் ரவைங்கிறீக?” என்று துண்டை உதறிக்கொண்டு நகர்ந்து உட்காருவார். அன்றைக்கு இரண்டாவது டீ சொன்னவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்.

கண்டுபிடிப்பது சுலபம். வயது எழுபதுக்கு மேல். வீட்டு நடுக்கூடத்தில் மான்கொம்பு மாட்டிய ஆணி இருக்கும், கொம்பு இருக்காது. எதற்கு வம்பென்று மகன்கள் கழற்றிவிட்டார்கள். ஆணியில் இப்போது உரக்கடைக் காலண்டர் தொங்குகிறது. பீரோவுக்குள் தாத்தா காலத்து வெப்ளி ஸ்காட் ரெட்டைக்குழல் துப்பாக்கி, பர்மிங்காம் முத்திரையோடு, பழைய வேட்டியில் சுற்றிப் படுத்திருக்கும். வாரம் ஒரு முறை அதற்கு எண்ணெய்ப் பூச்சு. பெரியம்மாவின் முழங்காலுக்கு அந்தச் சேவை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். லைசென்ஸ் வாங்கிச் சிறு வேட்டை ஆட அதில் ஒரு சந்து இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் அடைத்தார்கள். ஆகவே பெரியப்பாவின் கடைசிக் கௌதாரி விழுந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அது விழுந்த தூரம் மட்டும் வருஷா வருஷம் கூடுகிறது. முதலில் முப்பது கெஜம் என்றார். பிறகு ஐம்பது. போன பொங்கலுக்குக் கேட்டபோது, தான் நின்றது ஒரு ஊராட்சி, பறவை விழுந்தது அடுத்த ஊராட்சி.

அளப்பு இருக்கட்டும், விஷயம் தெரிந்தவர்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கௌதாரி லேசில் பறக்காது, ஓடும். சூரைப் புதருக்குள் ஓடி, பதுங்கி, ஆள் மிதிக்கப்போகிற நேரத்தில் காலடியிலிருந்து விர்ரென்று எழும்பும். முதல் வெடி பக்கத்தில், இரண்டாவது வெடி தூரத்தில். அதற்குத் தோதாக ரெட்டைக்குழலில் ஒரு குழலின் வாய் சற்று விரிவு, மற்றதன் வாய் இறுக்கம். விரிந்த வாய் ரவையைக் கிட்டத்திலேயே பரப்பும். இறுக்கமான வாய் சேர்த்துப் பிடித்துத் தூரத்துக்கு அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனி விசை. “முன் விசை கிட்டக்க, பின் விசை எட்டக்க. மூணாவது வெடிக்கு வேலையே இல்ல மாப்ள. அதுக்குள்ள அது குளத்தூரத் தாண்டிரும்.”

இந்த வேதத்தை எதிர்க்க ஒரு மருமகன் அமெரிக்காவில் இருப்பான். டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. கடையில் தூண்டிலுக்குப் பக்கத்திலேயே பம்ப் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்து மிரண்டு, படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பினான். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. பம்ப் என்றால் ஒரே குழல். அதன் அடியில் தோட்டா வரிசையாகப் படுத்திருக்கும் ஒரு குழாய். இடது கை பிடிக்கும் கட்டையைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும், முன்னால் தள்ளினால் புதுசு உள்ளே ஏறும். “இது துப்பாக்கியா, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற சாமானா?” என்பது பெரியப்பாவின் முதல் தீர்ப்பு.

அப்படிச் சொன்னவர்தான் பிறகு பேரனை உட்காரவைத்து செல்போனில் தேடித் தேடி, தொட்டே பார்க்காத பம்ப்களைத் தொட்டவர்களைவிட நன்றாக அலசத் தொடங்கினார். வின்செஸ்டர் மாடல் 12 மேல் அவருக்கு ரகசியக் காதல். 1912இல் வந்து 1964இல் நின்றது. கிட்டத்தட்ட இருபது லட்சம் செய்திருக்கிறார்கள். உருக்கைக் கடைந்து கடைந்து செய்த பொருள், கடைசல் செலவு கட்டுப்படியாகாமல்தான் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் பெரியப்பா, நேரில் போய்த் துக்கம் விசாரித்தவர் மாதிரி தலையை ஆட்டுவார். ஒரே ஒரு குறை. விசையை விடாமல் அழுத்திக்கொண்டு பம்பைத் தள்ளினால், தள்ளத் தள்ள வெடிக்கும். “இது கௌதாரிக்கா, கலவரத்துக்கா?”

அதன் பிழைப்பைக் கெடுத்தது 1950இல் வந்த ரெமிங்டன் 870. தகட்டில் அச்சடித்த உள் உறுப்புகள், மலிவு விலை, ஒரு கோடிக்கு மேல் விற்பனை. “எவர்சில்வர் வந்து வெங்கலத்த ஒழிச்ச கததான்” என்று ஒதுக்கிவிடுவார். இத்தாக்கா 37க்குத் தனி மரியாதை. மற்ற இரண்டும் காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் எறியும். இது அடிவயிற்று வழியாகக் கீழே போடும், இடதுகைக்காரருக்கும் தொந்தரவில்லை. “பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியில எறியாத துப்பாக்கி. வளத்தவுக நல்லா வளத்திருக்காக.”

ஆறு தோட்டா போடலாமே என்று மருமகன் மடக்கினான். பெரியப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. 1935லிருந்து அமெரிக்காவிலேயே வாத்து வேட்டைக்கு மூன்று தோட்டாதான். மிச்ச இடத்தில் கட்டையைச் சொருகி அடைக்க வேண்டும். “ஆறுன்னு வாங்கி மூணு கட்டைய வச்சு அடைக்கிறதுக்கு, ரெண்டோட நிறுத்துனவன் புத்திசாலி இல்லையா?” மருமகன் அழைப்பைத் துண்டித்தான். சிக்னல் போய்விட்டதாம்.

வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை 1980களின் நடுவிலேயே அரசு நிறுத்திவிட்டதால், பெரியப்பா கண்ணுக்கு எட்டிய ஒரே பம்ப், வங்கி வாசலில் காவலாளி மடியில் இருப்பது. அது நம் நாட்டுச் சரக்கு. மாசம் பிறந்தால் பாஸ்புக்கோடு போய்ப் பக்கத்தில் உட்காருவார்.

“தம்பி, ஒருவாட்டி இழுத்துக் காட்டேன். சத்தத்த மட்டும் கேட்டுக்கிறேன்.”

“ஐயா, பேங்க்குள்ள அந்தச் சத்தம் கேட்டா மேனேஜர் மேசைக்கு அடியில போயிருவாரு. நீங்க டோக்கன் எடுத்தீகளா?”

“டோக்கன் கெடக்கட்டும். வருஷத்துக்கு எத்தன வெடி போடுறீக?”

காவலாளி முன்னாள் ராணுவத்தார், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அன்று ஓர் ஆழமான நட்பு ஏற்பட்டது.

லைசென்ஸ் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீஸ் போகும் நாள் பெரியப்பாவுக்குத் தீபாவளி. தொண்டைமான் மன்னர் அரண்மனையாக இருந்த கட்டடம் அல்லவா? வெள்ளை வேட்டி, கைக்கடிகாரம், சென்ட். “அரமன வரைக்கும் ஒரு சோலி” என்று பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவார். அந்த அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டபோது டீவியை விட்டு நகரவில்லை. பறப்பது களிமண் தட்டு என்பதில் மட்டும் அவருக்கு வருத்தம். 1900இல் அதே பாரிஸில் உயிருள்ள புறாவைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட, தான் நூறு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டதாக ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஊருக்கு அந்த வாரம் நிம்மதி.

தேர்தல் வந்தால்தான் கஷ்டம். அறிவித்த கையோடு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2019இல் மக்களவை முடிந்து மூச்சு விடுவதற்குள் உள்ளாட்சி, 2021இல் சட்டமன்றம், 2024இல் மறுபடி மக்களவை. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகத்தோடு கொண்டுபோய் வைப்பார், ரசீது வாங்குவார், இடையில் ஒரு நடை போய்த் துரு ஏறியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். எத்தனையோ வேட்பாளர்களுக்குப் போன டெபாசிட் திரும்பி வந்ததில்லை. இவர் டெபாசிட் மட்டும் தவறாமல் திரும்பிவிடும்.

துப்பாக்கி வந்தாலும் தோட்டா விஷயம் தர்மசங்கடம். தாத்தா வைத்துவிட்டுப் போனது காகிதத் தோட்டா. ஐப்பசி ஈரத்தில் ஊதி, குழலுக்குள் நுழைய மறுக்கும். மாடியில் காயப்போடுவார். பெரியம்மா பிழிந்த வடகம் ஒரு பக்கம், மோர்மிளகாய் ஒரு பக்கம், நடுவில் ஈலி-கைனாக் தோட்டா. காக்காய்கூட நடுவில் இறங்காது.

இத்தனைக்கும் லைசென்ஸில் எழுதியிருப்பது ‘பயிர்ப் பாதுகாப்பு’. பயிரைத் தின்பது யார்? கௌதாரி இருந்த கரட்டுக்காடெல்லாம் தைலமரம் ஆகி, அது போன இடம் தெரியவில்லை. வருவது மயில். விராலிமலையில் முருகனோடு இருந்தவை பெருகி, மாவட்டம் பூராவும் கடலைக் கொல்லையில் இறங்கிவிட்டன. 1963லிருந்து தேசியப் பறவை. துப்பாக்கி என்ன, கவணைக்கூடக் காட்ட முடியாது. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்க, கட்டில் காலை உரசிக்கொண்டு தோகை நடந்துபோகும்.

ஆகவே பயிர்ப் பாதுகாப்பு இப்போது பேத்தி பொறுப்பு. கரண்டியும் எவர்சில்வர் தட்டுமாக வரப்பில் ஓடுவாள். கட்டிலிலிருந்து பயிற்சி நடக்கும்.

“மயிலப் பாத்து அடிக்காத ஆத்தா! அது போற பக்கமா ஒரு முழம் முன்னால அடி!”

மயில் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பாத்திக்கு மாறியது.

“எவர்சில்வர் கிட்டக்கதான் கேக்கும். எட்டத்துக்கு வெங்கலம். உள்ள போயி அப்பத்தாட்ட வெங்கலத் தட்டையும் வாங்கியா. ரெண்டும் சேந்தாத்தான் கணக்கு.”

அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் வந்தது.

“வெங்கலத் தட்டுக்கு லைசென்ஸ் எங்கிட்ட இருக்குன்னு சொல்லு உங்க ஐயாட்ட!”