பட்டியலின் கடைசி வரி

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்து, எட்டாவது பிரிவில் காங்கிரஸுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. நாணயம் அடிக்கலாம், தபால் நிலையம் வைக்கலாம், போர் அறிவிக்கலாம். மளிகைச் சீட்டு மாதிரி ஒழுங்காகப் போய், கடைசி வரியில் மேற்படி காரியங்களுக்குத் 'தேவையான, பொருத்தமான' சட்டங்களும் போடலாம் என்கிறது. துவரம் பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ, அப்புறம் சமையலுக்கு வேண்டியது எதுவோ அது. கடைக்குப் போனவர் ஃப்ரிட்ஜோடு திரும்பினால் யாரைக் குறை சொல்வது?

1791-இல் வந்த ஃப்ரிட்ஜ், தேசிய வங்கி. பட்டியலில் வங்கியே இல்லையே என்றார் வெளியுறவு அமைச்சர் ஜெபர்சன். வரி வசூலிக்க, கடன் வாங்க வேண்டாமா என்றார் நிதி அமைச்சர் ஹாமில்டன். சாசனத்தின் தந்தை எனப் பெயரெடுத்த மேடிசனும் சபையில் எதிர்த்தார். அதே மேடிசன் ஜனாதிபதியாகி, 1816-இல் இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டால் தகப்பன் என்ன செய்வார்!

அந்த வங்கிக்கு மேரிலாந்து மாநிலம் வரி போட, வழக்கு வந்தது. 'தேவையான' என்றால் அது இல்லாமல் முடியாது என்று பொருளல்ல, உதவினாலே போதும் என்றார் தலைமை நீதிபதி மார்ஷல், 1819-இல். புத்தகம் வாங்கும்போது வீட்டில் நான் சொல்லும் விளக்கமும் இதுவே. தீர்ப்புதான் சாதகமாக வந்ததில்லை.

1940-இல் ஓஹையோ விவசாயி ஒருவர், அரசு அனுமதித்த 11.1 ஏக்கருக்குப் பதில் 23 ஏக்கரில் கோதுமை விதைத்தார். மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டு மாவுக்கும் என்றார். வீட்டிலேயே தின்றாலும் அது பட்டியலில் உள்ள மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்கும் என்றது உச்ச நீதிமன்றம், 1942-இல். அபராதம் 117 டாலர் 11 சென்ட். கோழிகளை யாரும் விசாரிக்கவில்லை.