பரிசீலனையில் இருப்பவர்

விருத்தாசலம் ஜங்ஷனில் சேலத்து வண்டிக்குக் காத்திருப்பவரையும், பெண்ணுக்கு வரன் தேடிக் காத்திருப்பவரையும், பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை ஆறட்டும் என்று காத்திருப்பவரையும் புதிதாக ஊருக்கு வந்தவன்கூட அடையாளம் கண்டுகொள்ளலாம். முதலாமவர் கடிகாரத்தையும், இரண்டாமவர் பஞ்சாங்கத்தையும், மூன்றாமவர் சூளையின் கதவையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் எதையுமே பாராமல், முகத்தில் பரம சாந்தம் தவழ, ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜெராக்ஸ் கடை வாசலில் வீற்றிருக்கும் நாலாவது வகை மனிதர் ஒருவர் உண்டு. அவர்தாம் குடியுரிமை விண்ணப்பதாரர்.

"சௌக்கியமா?" என்று கேட்டால் மற்றவர்கள் சௌக்கியம் என்றோ, ஏதோ இருக்கிறோம் என்றோ சொல்லுவார்கள், இவர், "எல்லாம் பரிசீலனையில் இருக்குங்க" என்பார். மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றுவதும், மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதும், ஆடும் பல்லைப் பிடுங்குவதும்கூட, "அது முதல்ல வரட்டும்" என்னும் ஒரே தீர்மானத்தினால் ஒத்திவைக்கப்பட்டிருக்கும். அந்த 'அது' எது என்று அவர் வீட்டில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

விண்ணப்பம் இவருக்குப் பிதிரார்ஜிதமாக வந்த சொத்து. முப்பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போன காலத்தில் ஒருவரும் ஒருவரிடமும் விண்ணப்பம் கேட்கவில்லை. கங்காணி வழி காட்டினான், கால்கள் நடந்தன, அவ்வளவுதான். இலங்கை 1948இல் சுதந்திரம் அடைந்து, அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகே, அட்டன் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமந்துகொண்டிருந்த பாட்டனார், தாம் எந்தத் தேசத்துக்கும் உரியவரல்லர் என்னும் அபூர்வமான செய்தியை அறிந்துகொண்டார். மறு ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று பிறந்து, 1951 ஆகஸ்டுக்குள் மனுச் செய்துகொள்ளலாம் என்று தயை புரிந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் பொருட்டுச் சற்றேறக்குறைய 2,37,000 மனுக்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எங்கே போயினவோ அங்கேதான் பாட்டனாருடையதும் போயிற்று, அதாவது நிராகரிப்புக் கட்டுக்கு.

அடுத்தது தகப்பனாரின் காலம். 1964 அக்டோபர் 30ஆம் தேதி தில்லியில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பிற்பாடு என்பது பத்து வருஷம் கழித்து, 1974இல் வந்தது. இந்திரா அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று, பாகப்பிரிவினையில் பித்தளைப் பாத்திரத்தைப் பங்கிடுவது போலச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தாம் எந்தப் பங்கில் விழுந்த பாத்திரம் என்று விசாரித்துத் தகப்பனார் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வருவதற்குள் 1983 ஜூலைக் கலவரம் வந்துவிட்டது. ஆகவே அவர் பதிலுக்குக் காத்திராமல், பெண்டாட்டியையும் எட்டு வயதுப் பிள்ளையையும் படகில் ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்துக் கரையில் இறங்கினார். அந்த எட்டு வயதுப் பிள்ளைதான் நம் விண்ணப்பதாரர்.

மூன்று தலைமுறைப் பயிற்சி வீண் போகவில்லை. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் அவருக்கு இருக்கும் பாண்டித்தியம் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் வக்கீல்களுக்கும் கிடையாது என்று நான் தைரியமாகச் சொல்லுவேன். பிறப்பிலேயே பிரஜையான நாமெல்லாம் அந்தச் சட்டத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. அதன் ஒவ்வொரு பிரிவையும் மனப்பாடமாக ஒப்பிப்பவர், அதன்படி பிரஜை ஆகாதவர் ஒருவர்தாம். பதினான்கு வருஷத்தில் பதினோரு வருஷமும், அதன் மேல் தொடர்ச்சியாக ஒரு வருஷமும் இந்நாட்டில் வசித்தவர் குடியுரிமை கோரலாம் என்று மூன்றாவது அட்டவணை சொல்லுகிறது. அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் வசித்தாகிவிட்டது. ஆனால் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவருக்கு எந்த வழியும் இல்லை என்று 2003ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லுவதால், வசித்தது வசித்ததாகாது. "படகிலிருந்து எறங்கறப்ப எனக்குச் சட்டையே கெடையாதுங்க, எந்தச் சட்டைப்பையில பாஸ்போர்ட்டை வைப்பேன்?" என்று அவர் கேட்பார். கோபம் சிறிதுமின்றி, இலக்கணத்தில் ஒரு ஐயம் கேட்கும் மாணாக்கனைப் போலத்தான் கேட்பார்.

இதிலும் ரசமான பகுதி அவருடைய குடும்ப விவகாரம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த தம்பி, 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்னால் இம்மண்ணில் பிறந்த காரணத்தால் பிறப்பிலேயே இந்தியர். 1988இல் அதே முகாமில், அதே மருத்துவச்சியின் கையில் பிறந்த தங்கை, அந்தத் தேதி தாண்டிவிட்டபடியால் அந்நியர். தம்பிக்கே தாம் இந்தியர் என்பது வெகுகாலம் தெரியாது. அவரைப் போலவே மண்டபத்தில் 1986இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த பெண்மணி ஒருவர், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022இல் பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்த பிறகே தெரிந்தது. அன்று இரவு வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து மீன்குழம்பு ஊற்றிக்கொண்டபோது, "வெளிநாட்டுக்காரங்களுக்கு ரெண்டு துண்டு அதிகமா வையுங்க அண்ணி" என்றாராம் தம்பி.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது விண்ணப்பதாரர் தாம் வேலை பார்க்கும் பொம்மைப் பட்டறைக்கே விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தார். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தார் என்று கண்டிருந்தது. மகளுடைய பள்ளிக்கூடத்து அட்லாஸை வாங்கி, இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கும், அதே இராமேசுவரத்திலிருந்து காபூலுக்கும் நூல் வைத்து அளந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த வருஷமே ஜூன் மாதத்தில், தம்மைப் போன்ற மலையகத்தார் அறுபத்தைந்து பேர் தொடுத்த வழக்கில், புதிதாக விண்ணப்பம் கொடுங்கள், மத்திய அரசு பதினாறு வாரத்தில் முடிவு சொல்லட்டும் என்று மதுரைக் கிளை சொன்ன தீர்ப்பின் பத்திரிகைத் துண்டை லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார். அது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பட்டறையில் அவரைப் பார்க்க வேண்டும். களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிக்கொண்டதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே ஒரு பிள்ளையாரோ, செட்டியாரோ, தலையாட்டும் கிளியோ நிற்கும். அச்சின் இரண்டு பாதிகளும் கூடும் இடத்தில் பொம்மையின் உச்சி முதல் பாதம் வரை மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதை உடைந்த ரம்பப் பல்லால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, வரம்பு இருந்த சுவடே தெரியாமல் செய்வது இவருடைய உத்தியோகம். செட்டியாரின் மூக்கு நுனியைத் துடைத்தபடியே ஆறாவது பிரிவையும், செட்டியாரம்மாளின் கொண்டையைச் சுரண்டியபடியே அதன் விலக்குகளையும் அவர் உபந்நியாசம் செய்வதைப் பட்டறைச் சிறுவர்கள் கேட்டுக் கேட்டு, இப்பொழுது இரண்டு பேர் சட்டக் கல்லூரிக்குப் போகப் போவதாகச் சொல்லுகிறார்கள்.

ஆனால் அவருடைய ஞானம் பூரணமாகப் பிரகாசிப்பது கோப்பின் சஞ்சாரத்தைப் பற்றிப் பேசும்போதுதான். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் பஸ் ஏறிக் கடலூரில் கொடுத்த மனு, சென்னைக்குப் போய்த் தில்லிக்கு ஏறி, ஏதோ ஒரு ந.க. எண்ணுடன் கீழே இறங்கி, வட்டாட்சியரிடம் அறிக்கை கேட்டு, போலீஸ் கியூ பிராஞ்சில் இளைப்பாறி, மறுபடி மேலே போயிருக்கிறது. கொடுத்த இடத்தில் கேட்டால் கொடுக்காத இடத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட சித்தாந்தம். இந்தச் சித்தாந்தம் இவ்வூருக்குப் புதிதுமன்று. சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்துப் பெருமானிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை நம் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது புராணம். விண்ணப்பதாரர் இதை எண்ணித்தான் ஒரு முறை திருவாரூருக்கும் போய்வந்தார். குளத்தில் இறங்கித் தேடவில்லையாம்; சும்மா பார்த்துவிட்டு வந்தாராம்.

அரசாங்கத்தை மட்டும் நம்பி இருந்தவர் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் எழுந்தருளியிருக்கிறார். முருகப் பெருமானேயாயினும் இங்கே உருவம் கொள்ளாமல் பலிபீட வடிவில் இருக்கிறபடியால், பக்தர்களிடமும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் கேட்பதில்லை. இச்சந்நிதியில் பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு: குறையை மனுவாக எழுதி, ஊரின் தூரத்துக்குத் தக்க படிக்காசைச் செலுத்தி, தாளைச் சுருட்டி முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டிவிட்டால், தொண்ணூறு நாளில் தீர்ப்பு. காரியம் முடிந்ததும் திரும்ப வந்து ராஜினாமாச் செய்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். மனு, கட்டணம், கால வரையறை, முடிவு, கோப்பு மூடுதல் ஆகிய ஐந்து அங்கங்களும் குறைவறப் பொருந்திய அலுவலகம் இந்த ஜில்லாவிலேயே அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

விண்ணப்பதாரர் அங்கேயும் பிராது கட்டினார். கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் நகலையும், பாட்டனாருடைய 1951ஆம் வருஷத்து ரசீதின் நகலையும், சிங்களத்தில் இருந்த தம் பிறப்புச் சான்றையும் அதன் நோட்டரி மொழிபெயர்ப்பையும் இணைப்பாக வைத்தபடியால் சுருள் வேலைவிடப் பருமனாகிவிட்டது. தொண்ணூறு நாள் கழிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நினைவூட்டல் மனு ஒன்று கட்டலாமா என்று பூசாரியாரைக் கேட்டார்.

"நெனைவூட்டலெல்லாம் இங்க வழக்கம் இல்லீங்களே தம்பி. சாமிக்கு மறக்குமா?"

"மறக்காதுங்க ஐயா. நான்தான் தப்பான எடத்துல கொடுத்துட்டேன்" என்றார் விண்ணப்பதாரர். "குடியுரிமை அரசியல் சட்டம் ஏழாவது அட்டவணையில மத்தியப் பட்டியல், பதினேழாவது இனம். சாமிக்கு இதுல அதிகார வரம்பு இல்லை."

கடவுளுக்காகச் சட்டத்தில் விலக்குக் கண்டுபிடித்துச் சொன்ன பக்தரை வேறெங்கும் நான் கண்டதில்லை.

தேர்தல் காலம் வந்தால் அவருக்கு ஒரு தனி அந்தஸ்து உண்டாகிவிடும். ஊருக்குப் புதிய வேட்பாளர்கள் திறந்த வண்டியிலிருந்து குதித்து அவரைக் கும்பிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் வட்டச் செயலாளர் காதில் ஏதோ சொன்னதும், கும்பிட்ட கைகளை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டு, எந்த வேட்பாளர் கும்பிட்ட கையை மிக நாகரிகமாகத் திருப்பினார் என்று மனத்துக்குள் மார்க்குப் போட்டுக்கொள்வார். கள்ள ஓட்டுக்கும் காசுக்கும் ஆட்படாத ஒரே மனிதர் என்று அவரை எல்லாக் கட்சியாரும் மதிப்பதுண்டு.

டொரண்டோவில் சித்தப்பா மகன் ஒருவர் இருக்கிறார். நிரந்தர வாசம் கிடைத்தபின், ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அந்நாட்டில் இருந்ததாகக் கணக்குக் காட்டி மனுப் போட்டார், ஒரு நாள் கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார், கனடியர் ஆகிவிட்டார். அங்கே மனுப் போட்டுவிட்டுக் கைபேசியில் நாள்தோறும் தேதியைத் தட்டித் தட்டிப் பார்த்து, எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று அவர் அக்காலத்தில் அண்ணனிடம் அழுதிருக்கிறார். விண்ணப்பதாரர் அவரைத் தேற்றி, பொறுமையின் மகிமையை எடுத்துச் சொல்லி, நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாராம்.

2021இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் பல இடங்களில் புதிதாக எழும்பின. 2025இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு இன்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இச்செய்தி வந்த அன்று அவர் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "இனிமே நான் இங்க இருக்கறது குத்தம் இல்லைங்க, ஆனா இருக்கறதாவும் ஆகலை" என்று நிலைமையைத் தெளிவாக விளக்கிவிட்டு, அரைகுறையாய் நின்ற கிளியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

இவ்வூருக்கு வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழமலைநாதரைத் தரிசியுங்கள், ஆழத்துப் பிள்ளையாருக்குப் படியிறங்கிப் போய் வாருங்கள், தொழிற்பேட்டைப் பக்கம் போனால், வரம்பு தெரியாத பொம்மையாகப் பார்த்து ஒரு ஜோடி வாங்குங்கள். அங்கே நம் நண்பரைக் கண்டால் மகளின் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், கொலு வியாபாரத்தைப் பற்றிக் கேளுங்கள்; விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் 1948இலிருந்து தொடங்குவார்; கடலூருக்குக் கடைசி பஸ் போய்விடும்.