கந்தோர் வாசலில் உல்லாசப் பயணி: தம்பிலுவிலை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

இலங்கை அரச அலுவலகங்களில் வெளிநாட்டவர் படும் பாட்டை ஆராயப் புகுவோர் வெள்ளைக்காரரையே மாதிரியாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆய்வுமுறைப்படி இது பெரும் பிசகு. அம்பாறை மாவட்டத்துத் தம்பிலுவிலில் காணப்படும் வெளிநாட்டவர் வேறு வகையினர். அவர் அங்கேயே பிறந்தவர். அங்கேயே பள்ளிக்கூடம் போய், தொண்ணூறுகளில் கொழும்பு வழியாக வெளியேறி, சூரிச்சிலோ டொரன்டோவிலோ பல பனிக்காலங்களைக் கண்டு, அந்த நாட்டுப் பிரஜையானவர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்ற கணமே இவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை தானாக நீங்கிவிடுகிறது. யாரும் கடிதம் போட்டு அறிவிப்பதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு ஊர் வரும்போதுதான் தெரியவரும். 30 நாள் விசாவோடு கட்டுநாயக்கவில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, விடியற்காலையில் அக்கா வீட்டுத் திண்ணையில் பிட்டும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்த மனிதர் சட்டத்தின் கண்ணுக்கு ஓர் உல்லாசப் பயணி.

சடங்கின் முடிவில் குளிர்த்தி பார்த்துத் திரும்பிவிடுபவரால் ஆய்வாளருக்குப் பயனில்லை. ‘இனி இங்கேயே இருந்துவிடுவோம்’ என்று நினைப்பவரே நம் ஆய்வுப் பொருள். அக்கா ஒரு துண்டுக் காணியை விலைக்கு எழுதித் தரத் தயார். ஆனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. வயலோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேமிட் காணி. அதன் பக்கமே போக முடியாது. மிஞ்சுவது இரட்டைப் பிரஜாவுரிமை. 1987இல் திறக்கப்பட்ட இந்தக் கதவு 2011இல் சாத்தப்பட்டு, 2015இல் மறுபடி திறந்தது. விண்ணப்பிக்கும் தகுதிகளில் ஒன்று 55 வயதைக் கடந்திருப்பது. கதவு சாத்தியிருந்த காலத்தில் சும்மா இருந்தே தகுதி பெற்றவர்களும் இருக்கக்கூடும். தாமதத்தின் நன்மைகள் பற்றித் தனியாக ஓர் ஆய்வு செய்யலாம்.

எதைத் தொட்டாலும் முதலில் கேட்கப்படுவது கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரம். ஆகவே நம் ஆய்வுகூடம் அவருடைய கந்தோர்: ஒரு மேசை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் கடந்த வருடத்துக் கலண்டர், இரண்டு பிளாஸ்டிக் கதிரை, மை காய்ந்த றப்பர் முத்திரை. உத்தியோகத்தர் விண்ணப்பதாரரோடு படித்தவரின் மகன். படிவத்தில் ஒரு கேள்வி: ஆளைத் தனிப்பட்ட முறையில் தெரியுமா, எப்போதிலிருந்து? பேனா தடங்கலில்லாமல் ஓடுகிறது. பிறந்ததிலிருந்தே தெரியும் என்று எழுதலாம். யார் பிறந்ததிலிருந்து என்பதில்தான் சிறு குழப்பம். இன்னொரு கேள்வி: இலங்கையரா? இங்கே பேனா அந்தரத்தில் நிற்கிறது.

“மாமா, எனக்கு உங்களத் தெரியும். ஆனா உங்கட பேர் இடாப்பில இல்லியே.”

“எங்கட வீட்டு மாமரத்தில ஏறி உன்ட வாப்பாட பந்த எடுத்துக் குடுத்தவன் நான்தானே” என்று ஒருவர் சொல்லக்கூடும், உத்தியோகத்தர் பக்கத்து அக்கரைப்பற்று முஸ்லிமாக இருந்தால். தம்பிலுவில் என்றால் ‘அப்பாட பந்த’ என்பார். எந்த ஊரானாலும் மாமரத்துக்குப் படிவத்தில் நிரல் இல்லை. வாக்காளர் இடாப்புக்கு இருக்கிறது. இதிலிருந்து பெறப்படும் முதலாம் விதி: அரசு ஊரறிந்த செய்திக்கு ஒரு வரி மட்டும் ஒதுக்கியிருக்கிறது; மற்ற வரிகளெல்லாம் கடதாசிக்குச் சொந்தம்.

கடதாசியின் குணங்களையும் கவனிக்க வேண்டும். பெயர் விடயத்தில் அது மகா கண்டிப்பு. பிறப்புச் சான்றிதழில் முன்னால் நின்ற தகப்பன் பெயர் சுவிஸ் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகிப் பின்னால் போய்விட்டதால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதிவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். 1961க்கு முன் பிறந்தவராயின் சான்றிதழில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருக்கும். அம்பாறை மாவட்டம் அந்த வருடம்தான் பிரிந்தது. ஆள் அசையாமலே மாவட்டம் மாறியதற்கு அரசு சத்தியக்கடதாசி எதுவும் முடிக்கவில்லை. மொழி விடயம் சுருக்கமானது: 1987இன் 13ஆவது திருத்தப்படி தமிழும் அரச கரும மொழி. மேலிடத்திலிருந்து வரும் சில கடிதங்கள் அந்தத் திருத்தத்தை இன்னும் வாசிக்கவில்லை.

ஒப்பீட்டுக்குத் தெற்கே அறுகம்பையில் அலைச்சறுக்க வந்த ஒரு வெள்ளைக்காரரை எடுப்போம். எந்தக் கந்தோருக்குள் நுழைந்தாலும் அவருக்குக் கதிரை வரும், மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். காரணம் மரியாதை மட்டுமல்ல. அவர் இந்த ஊர்க்காரர் என்று நிரூபிக்க வரவில்லை. நம்மவரின் வில்லங்கமே அந்தக் கோரிக்கைதான். வெள்ளைக்காரர் காலத்தில் கச்சேரியை நடத்திய அரசாங்க அதிபர்களும் பெரும்பாலும் வெளிநாட்டவர்களே. அவர்களிடம் எந்த விதானையாரும் வதிவிடச் சான்று கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆவணச் சான்றோடு அரச வாசலுக்குப் போன முன்னோடி, இவ்வூர் அம்மனேதான். அவளும் வெளிநாட்டவள், சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்குப் போனவள். மூலப்பிரதியான சிலம்பை நேரிலேயே உடைத்துக் காட்டினாள். போட்டோ கொப்பி கேட்கப்படவில்லை, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இல்லை, தீர்ப்பு அன்றைக்கே. வைகாசியில் வழக்குரை படிக்கும்போது கைகூப்பி நிற்கும் நம்மவர் இந்த நிர்வாக வசதியை எண்ணிப் பெருமூச்சு விடுவது இயல்பே. அவர் கையில் சிலம்பில்லை, பொலித்தீன் உறைக்குள் ஒரு கோவை மட்டும்.

கடைசியில் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து இரட்டைப் பிரஜாவுரிமை வந்துசேர்கிறது. 2022இன் 21ஆவது திருத்தத்தின்படி இவர் இனிப் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்பதை ஆய்வாளர் கவலையோடு எடுத்துச் சொல்லும்போது, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதாயில்லை. வயலுக்கு உரமானியம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார். அது கமநல சேவை நிலையத்து விடயம். இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.