ஆம்பூர்ப் பையும் அரை டப்பா பவுடரும்

வேலூர்ப் பக்கத்தில் வளர்ந்த யாரிடமாவது ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போயிருக்க வேண்டிய செருப்பும் பர்ஸும் கைப்பையும், எங்கோ ஒரு தையல் நூலளவு விலகிவிட்டது என்பதற்காகவோ, மாடு உயிரோடிருந்தபோது முள்வேலியில் உரசிய வடு ஒன்று தோலில் தெரிந்துவிட்டது என்பதற்காகவோ கப்பல் ஏறாமல் நின்று, ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ வேலை பார்க்கும் யாரோ ஒரு மாமாவின் கைவழியாக நம் வீட்டு வாசற்படி ஏறிவிடும். வெள்ளைக்காரன் வேண்டாமென்று தள்ளியதை நாம் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதில் எங்களுக்கு இருந்த பெருமை, சரியான சரக்கை வாங்கிய அந்த ஜெர்மன்காரனுக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எங்கள் பெரியம்மாவின் கைப்பையும் அந்த வம்சத்தில் வந்ததே. பெரியப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளிக்கு, புடவைக்குப் பதிலாக அந்தப் பையைக் கொண்டுவந்து வைத்தார். தேன் நிறம், பித்தளைக் கொக்கி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல். என்ன தோல் என்பதைப் பாட்டியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பாட்டியும் கடைசிவரை கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

பெரியம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டிரங்க் கால் புக் செய்துவிட்டு ஊரே காத்துக்கிடந்த காலம் அது. மெட்ராஸையும் மதுரையையும் இணைத்துவைத்துவிட்டுச் சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது, நாங்கள் காத்துக்கிடந்தது அந்தக் கொக்கி திறக்கும் ‘டக்’ என்ற சத்தத்துக்காக. திறந்ததும் முதலில் வருவது தோல் வாசனை, அதன் பின்னால் அமிர்தாஞ்சன், அதற்கும் பின்னால் ஆரஞ்சு மிட்டாய். உள்ளே கொண்டை ஊசி, விபூதிப் பொட்டலம், ஸ்டிக்கர் பொட்டு அட்டை, காது குடைவதற்கென்றே சுருட்டிவைத்த பஸ் டிக்கெட்டுகள். இன்றைக்குக் கையில் பை இல்லாமலே, ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிவர முடிகிறது. வசதிதான். ஆனால் போனைத் திறந்தால் ஆரஞ்சு மிட்டாய் வாசனை வருவதில்லை.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு: தன்மேல் பட்டதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். வெயிலில் சிவந்துபோகாமல் இருக்கக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அனுப்புவார்கள். ஊறுகாய் எண்ணெய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். டிபன் பாக்ஸ் மூடி நெகிழ்ந்த ஒரு நாளில் எலுமிச்சை ஊறுகாயின் எண்ணெய் பையின் அடிப்பாகத்தில் இறங்கியது. ஐப்பசி மழையில் முன்பக்கத்தில் வட்டம் வட்டமாக நீர்க்கறை. பின்னொரு கோடையில் பால்பாயிண்ட் பேனா கசிந்து, உள்ளறையைத் தாண்டி வெளிப்பக்கம் வரை ஒரு நீலத் தீவு.

அப்போது நான் கல்லூரியில் வேதியியல் இரண்டாமாண்டு. வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி போதும் என்று கருதப்பட்ட காலம் என்பதால், பை என் பொறுப்பில் வந்தது. ஒவ்வொரு கறைக்கும் அதற்கேற்ற கரைப்பான் உண்டு என்று அம்மாவையும் பெரியம்மாவையும் உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கியவன், கடைசியில் செய்தது எதிர்வீட்டுப் பாட்டி சொன்னதைத்தான்: எண்ணெய்க்கறை மேல் அரை டப்பா குட்டிகூரா பவுடரைக் கொட்டி, ராத்திரி முழுக்க விட்டுவைத்துக் காலையில் தட்டினேன். நன்றாகவே வேலை செய்தது. பவுடர் எண்ணெயை உறிஞ்சிவிடும். அதில் வேதியியல்கூடக் கிடையாது, தாகம்தான். ஒரு மாதம் வரை எக்ஸ்சேஞ்சில் பெரியம்மாவிடம், புதிதாக என்ன சென்ட் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மைக்கறையிடம் விஞ்ஞானம் செல்லவில்லை. பால் தடவு, தயிர் தடவு, பற்பசை போடு, வாழைப்பழத்தோலால் தேய் என்று தெருவே மருத்துவம் சொன்னது. அன்றைய தெருவுக்கு இன்றைய யூடியூப்பை விடக் குரல் கொஞ்சம் அதிகம். நான் கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் வாங்கிவந்து பஞ்சில் தொட்டு ஒற்றினேன். மை கரைந்தது, நிஜம். கரைந்து, தோலின் நிறத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பக்கத்து நிலத்தையும் பிடித்தது.

அதன்பிறகுதான் பழைய பஸ் ஸ்டாண்டு ஓரம், புங்கமரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோவதென்று முடிவானது. மீசை அரும்பிய வயதில் ஒரு பெண்பிள்ளைப் பையைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நடப்பது எப்படி? மஞ்சப்பைக்குள் அதை ஒளித்து எடுத்துப்போனேன். அவர் பையை வாங்கி முகர்ந்தார், கட்டைவிரலால் அழுத்தினார், என் முகத்தைப் பார்த்தார்.

“ஸ்பிரிட்டு போட்டியா தம்பி?”

“லேசா.”

“மை உள்ள எறங்கிடுச்சு. இனிமே எடுக்க முடியாது, மறைக்கலாம்.”

நீர் வட்டத்துக்கு அவர் செய்த வைத்தியம் என் பாடப்புத்தகத்தைக் கேலி செய்வதாக இருந்தது. வட்டத்தைத் துடைக்காமல், ஈரத்துணியால் அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே சீராக நனைத்துவிட்டார்; பிறகு கந்தைத்துணியை உள்ளே திணித்து நிழலில் வைத்தார். காய்ந்ததும் வட்டத்தைக் காணோம். தண்ணீர் காயும்போது தோலிலுள்ள பட்டைச்சாற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவதால்தான் வட்டம் விழுகிறது, எல்லா இடமும் சேர்ந்து நனைந்தால் ஓரம் என்று ஒன்று இருக்காது என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு உறைத்தது. மைக்கறை மேல் சாயம் ஏற்றி மெழுகு தேய்த்தார். மூன்று ரூபாய் கேட்டார். இரண்டரைக்குக் குறைத்துவிட்டு வந்து, அந்த எட்டணா வெற்றியை வீட்டில் விருந்தாளிகளுக்கெல்லாம் சொன்னேன்.

பழசெல்லாம் பொன் என்று சொல்லிவிட வேண்டாம். அந்தப் பை மணத்தது. அதைச் செய்த ஊர்கள் மணக்கவில்லை. ரயில் ஆம்பூரை நெருங்கும்போது ஜன்னலைச் சாத்தும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. சுண்ணாம்பும் உப்பும் குரோமியமும் பாலாற்றில் இறங்கி, கிணறுகள் பாழாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது: கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், கழிவைச் சுத்திகரிக்காத தோல் ஆலைகள் மூடப்பட வேண்டும். பையின் கறைக்கு அரை டப்பா பவுடர் போதுமானதாக இருந்தது. ஆற்றின் கறைக்கு அப்படி ஒரு டப்பா இன்னும் வரவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி மட்டும்தான், அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

என் மகள் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறாள். ‘வீகன் லெதர்’ என்று ஆன்லைனில் அவள் வாங்கிய பையில் கறையே ஒட்டாது. காப்பி கொட்டினால் டிஷ்யூவால் ஒரு துடைப்பு. இதைப் பார்த்து நான் பொறாமைகூடப் பட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உரிந்து மடியில் கொட்ட ஆரம்பித்தது. துணிமேல் பூசிய பாலியூரித்தேன். காற்றின் ஈரமே அதைத் தின்றுவிடும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? உரிந்ததை ஒட்ட பவுடரும் இல்லை, பெரியவரும் இல்லை. அந்தக் கோபத்தில் பரணை உருட்டியவள் கையில் பெரியம்மாவின் பை அகப்பட்டது. பூஞ்சை பூத்து, ஓரம் விறைத்து, கைப்பிடி கறுத்து, பாச்சா உருண்டை வாசனையுடன். “அப்பா, இது விண்டேஜ்!” என்றாள். சாயம் தேய்ந்த இடத்தில் நீலத் தீவு மறுபடியும் தலைகாட்டியிருந்தது.

தோல்பைகளைச் சுத்தம் செய்து தரும் ஒரு கடைக்கு வாட்ஸ்அப்பில் படம் போனது, மதிப்பீடு வந்தது: 2,200 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வீட்டுக்கே வந்த பையன், உறை மாட்டிய கையால் பையை வாங்கிக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான்: தோல் அமிலத்தன்மை கொண்டது சார், சோப்பு காரம், அதனால் சோப்பே போடக் கூடாது, தேங்காய் எண்ணெய் தடவினால் கறுத்துச் சிக்குப் பிடிக்கும், பூஞ்சையை வீட்டுக்குள் தட்டாதீர்கள், பக்கத்து அலமாரிக்குப் பரவும். எல்லாம் சரியான பேச்சு. பெரியம்மாவுக்கு நான் அரைமணி நேரம் எடுத்த வகுப்பு ஞாபகம் வந்து, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். கைப்பிடியின் கறுப்பை எடுக்கவா, அப்படியே விடவா என்று கடைசியில் கேட்டான். அப்படியே இருக்கட்டும் என்று மகள் பதறினாள். அந்தக் கறுப்புக்காகவே புதுப்பைகளைப் பழசாக்கி அதிக விலைக்கு விற்கிறார்களாம். கைவியர்வையும் தலையெண்ணெயும் ஏறிய அந்தப் பிடியைப் பார்த்து, வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று பெரியம்மா புலம்பாத வருஷமில்லை.

பத்து நாளில் பை வந்தது, கடைப்பெயர் அச்சடித்த மஞ்சள் துணிப்பைக்குள். 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியதிலிருந்து மஞ்சளுக்கு வந்திருக்கும் யோகத்தைப் பாருங்கள்: மகள் இப்போது தோல்பையைத் தோளிலும் மஞ்சப்பையைக் கையிலும் ஊரறிய எடுத்துப்போகிறாள். பூஞ்சை போயிருந்தது, தோல் நெகிழ்ந்து கொடுத்தது, கொக்கி ‘டக்’ என்றது. முன்பக்கத்து நீலம் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரிந்தது. பையனுக்குப் போன் செய்தேன்.

“மை உள்ள இறங்கிடுச்சு சார். இனிமே எடுக்க முடியாது, மறைக்கலாம்.”

உங்கள் பரணிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும். தேங்காய் எண்ணெயும் ஸ்பிரிட்டும் வேண்டாம். எண்ணெய்க்கறைக்குப் பவுடர் போதும், காய வைப்பது நிழலிலேயே இருக்கட்டும். தெருமுனையில் செருப்புத் தைப்பவர் இன்னும் உட்கார்ந்திருந்தால் முதலில் அவரிடம் காட்டிவிடுங்கள், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.