வளைவும் குடவோலையும்

கேள்வி: வளைவில் என் பைக் சாய மறுக்கிறது. ஹேண்டில் திரும்ப உதவும் பால்ரேஸை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
– வாசகர், ஏனாத்தூர்

பதில்: குடத்தில் ஓலைகளைக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை உத்திரமேரூர்ப் பக்கம் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததுதான். அதற்காகப் பழுதான பாகத்தையுமா குலுக்கி எடுப்பது?

முதலில் காற்று. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். முன் டயரில் குறைந்தாலே ஹேண்டில் கனக்கும். பிறகு டயரைத் தடவுங்கள். நேர்ரோட்டிலேயே ஓடி நடுவில் சப்பையாகியிருந்தால் சாய அடம்பிடிக்கும். அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று பிடித்தால் மெக்கானிக் சொன்னது சரி. பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடினால் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கும்.

எல்லாம் சரியா? பின்சீட்டில் இருப்பவர் வளைவில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கவனியுங்கள். எதிர்ப்பக்கம் என்றால், அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.